ஆளுக்கொரு கம்பளி

எழுபத்துநாலாம் வருஷத்து மழை முடிவதற்குள் என் மனைவியோடு ஒரே கம்பளிக்குள் உட்காருவது என்று முடிவெடுத்தேன். சிரிக்காதீர்கள். வண்டிப்பெரியார் மழையில் ஊறியவர்களுக்குத்தான் இந்த சுவக்கீனின் கஷ்டம் புரியும்.

மகளைப் போடிக்குக் கட்டிக்கொடுத்த பிறகு தேயிலை எஸ்டேட்டின் லயத்து வரிசை வீட்டில் நானும் மதலேனம்மாளும்தான். மகள் உண்டாகியிருக்கிறாள் என்று தெரிந்த நாளிலிருந்து மதலேனம்மாள் உல்லன் நூலும் கம்பியுமாக உட்கார்ந்துவிட்டாள். இன்னும் பிறக்காத பேரப்பிள்ளைக்குச் சட்டை, தொப்பி, காலுறை. பிறந்து அரை நூற்றாண்டு ஆன எனக்கு ஒரு வார்த்தைகூடக் கிடையாது.

"மதலேனம்மா, இன்னைக்கு பாக்டரியில..."

"பேசாதீங்க. கண்ணி தப்பிரும்."

வருஷா வருஷம் மழைக்கு முன்னால் எஸ்டேட்டில் ஆளுக்கொரு கறுப்புக் கம்பளி கொடுப்பார்கள். அவள் கொழுந்து எடுப்பவள், அதனால் அவளுக்கு ஒன்று. எனக்கு ஒன்று. அடுப்புக்கு அந்தப் பக்கம் அவள் போர்த்திக்கொண்டு உட்காருவாள், இந்தப் பக்கம் நான். வீட்டுக்கு ஒன்று என்று கொடுத்திருந்தால் என் குடும்பம் இப்படிப் பிரிந்திருக்குமா? எனக்குக் குளிரைவிடத் தனிமைதான் தாங்கவில்லை.

ஆகவே என் கம்பளியை ஒழித்துக்கட்டத் துணிந்தேன். அவள் தண்ணீர் பிடிக்கப் போகும்போதெல்லாம் நூல் நூலாக உருவினேன். உருவியதைப் பழைய பூட்ஸுக்குள் திணித்தேன். கம்பளி சல்லடையாயிற்று.

"எலி கடிச்சிருச்சு. உன் கம்பளியில கொஞ்சம் எடம் குடேன்."

அவள் கம்பியைக் கீழே வைத்தாள்! கம்பளியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"எலி கடிச்சா நூலு துண்டு துண்டாக் கெடக்குமே. ஒண்ணையும் காணலியே?"

"தின்னுருக்கும்."

"கம்பளியவா? அம்புட்டுப் பசியா அதுக்கு?"

"பசி இல்ல. தனியாக் கெடக்கிற எலி."

என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள்.

"வச்சிட்டுப் போங்க. தச்சு வைக்கேன்."

மறுநாள் கம்பளி இல்லாமல் நனைந்து, சாயங்காலம் நடுங்கிக்கொண்டு வீடு வந்தேன். ஓட்டையெல்லாம் அடைத்து வைத்திருந்தாள். அதே கறுப்பு நூல். மூலையில் என் பூட்ஸ் காலியாகக் கிடந்தது.

"வாங்க, போத்தி விடுதேன்."

எத்தனை மாசத்துக்குப் பிறகு அந்தக் குரல்! உருகிப்போய்த் தலையைக் குனிந்தேன். மேலே மாட்டிவிட்டாள். தலைக்கு மட்டும்தான் வழி. மற்ற எல்லாப் பக்கத்தையும் சேர்த்து மூட்டியிருந்தாள். கையை நீட்ட இடமில்லை. கழுத்துவரை கட்டிய தேயிலைச் சாக்காக நின்றேன்.

"எலி உள்ள வராம இருக்கவா இப்படித் தச்ச?"

அவள் அடுப்புக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தாள். கம்பியை எடுத்தாள். கண்ணியை எண்ணினாள்.

"இல்ல, வெளிய வராம இருக்க."