மூன்றாம் முறைக்குப் பின் கைதட்டவும்

விழா அழைப்பிதழ்களில் தலைமை தாங்குகிறவர் இருப்பார். முன்னிலை வகிக்கிறவர் இருப்பார். குத்துவிளக்குக்குத் தீப்பெட்டி நீட்டுகிறவர்கூட ‘விழா ஒருங்கிணைப்பு’ என்ற பெயரில் இருப்பார். கைதட்டுகிறவர்கள் மட்டும் இருக்க மாட்டார்கள். வேன் வைத்து அழைத்து வந்து, தக்காளிச் சாதப் பொட்டலம் கொடுத்து, பந்தலில் உட்கார வைக்கப்படும் அந்தப் பெண்களில் ஒருத்தி வேல்விழி. மயிலாடும்பாறையைத் தாண்டிய ஒரு சிற்றூரில் மல்லிகை பயிரிடுகிறவள்.

அவளுக்கு வேண்டியது ஒரு காலைப் பேருந்து. சென்ற தை மாதம் அது நிறுத்தப்பட்டது. மொட்டு விரிவதற்குள் ஆண்டிபட்டிச் சந்தையில் பூ இருந்தாக வேண்டும். விரிந்த பூவை வியாபாரி ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. மனுக் கொடுத்தாள். ‘தங்கள் கோரிக்கை கனிவுடன் பரிசீலிக்கப்படும்’ என்று பதில் வந்தது. மறுபடியும் கொடுத்தாள். மறுபடியும் கனிவு வந்தது.

இந்நிலையில் மாவட்டத்தில் ஒரு நெருக்கடி எழுந்தது. பேருந்து நெருக்கடி அன்று, கைதட்டல் நெருக்கடி. உயரலுவலர் பாண்டியராஜன் அவர்கள் போடியில் உரையாற்றியபோது, அவர் தண்ணீர் குடிக்க நிறுத்திய இடத்தில் கூட்டம் தட்டியது. கம்பத்தில், சாதனைகளை அடுக்கியபோது மௌனம் காத்துவிட்டு, ‘இத்துடன் என் உரையை முடிக்கிறேன்’ என்றதும் பந்தல் அதிரத் தட்டியது. பொதுமக்களின் மொழிநய அறிவுக் குறைபாடே இதற்குக் காரணம் என ஆராய்ந்து தெளியப்பட்டு, ‘உரை ஏற்புத் திறன் பயிற்சி’ தொடங்கப்பட்டது. பழனிசெட்டிபட்டியில் ஆளுமை வளர்ச்சி வகுப்பு நடத்தும் ஜாஸ்பர் பயிற்றுநராக வந்தார். சித்திரை வெயிலில் கோட்டு, கன்னத்தோரம் மைக்கு, கையில் லேசர் விளக்கு.

“அம்மாக்களே, ஒரே வாக்கியத்தை ஐயா மூன்று முறை சொன்னால் அது அடுக்கு. மூன்றாவது முடிந்ததும் தட்ட வேண்டும்.”

“ரெண்டு தடவையோட நிறுத்திட்டாகன்னா?” என்றாள் வேல்விழியின் மதினி பொன்னாத்தாள்.

“கையை விரித்தபடியே காத்திருக்க வேண்டும். அடுத்தது உருவகம். ஐயா தம்மை வேம்பு என்பார். வேம்பு என்றால் நிழல்.”

“நான் கசப்புன்னுல்ல நெனச்சேன்,” என்றாள் பொன்னாத்தாள். “நிழல்தானா? சரி, தட்டிருவோம்.”

மூன்றாவது பாடம், பதில் வேண்டாத வினா. பார்வைக்கு அது கேள்வி. உண்மையில் கேள்வி அன்று. பதில் தெரிந்தாலும் சொல்லலாகாது. தட்ட மட்டுமே செய்யலாம்.

“தெரிஞ்சதை ஏன் சார் சொல்லக் கூடாது?” என்றாள் வேல்விழி.

“ஐயாவுக்கே தெரியும் என்பதால்.”

“தெரிஞ்சுக்கிட்டே எதுக்குக் கேக்குறாக?”

“அதுதாம்மா நயம்.”

நயம் வேல்விழியைப் பிடித்துக்கொண்டது. அன்று இரவு பூக்கூடை முடையும்போதுகூடத் தன் மனுவுக்கு வந்த பதிலை வரிவரியாகச் சொல்லிப் பார்த்தாள். மறுநாள் வகுப்பில் எழுந்தாள்.

“சார், பரிசீலிக்கப்படும்னு எழுதியிருக்காக. யாரு பரிசீலிக்கிறது?”

ஜாஸ்பரின் முகம் மலர்ந்தது. “அருமை. யாருமில்லை. ஆளே இல்லாமல் வேலை நடப்பதாகக் காட்டும் நடை அது. ‘கனிவுடன்’ என்பதைக் கவனித்தீர்களா? இல்லாத அந்த ஆளுக்கு ஒரு நற்குணமும் கொடுத்திருக்கிறார்கள்.”

“அப்ப பஸ்சு?”

“அது பாடத்திட்டத்தில் இல்லை.”

ஆயினும் நல்ல மாணவியை இழக்க அவருக்கு மனமில்லை. முன்வரிசையில் அமர்ந்து, பிழையின்றிக் கூட்டத்தை வழிநடத்தித் தட்டினால், அவளுடைய மனுவை ஐயாவின் கையிலேயே சேர்ப்பிப்பதாக வாக்களித்தார்.

விழா தேனியில், ஒரு திருமண மண்டபத்தில் நடந்தது. ‘முழுமையான பேருந்து வசதி பெற்ற வட்டாரம்: வெற்றிப் பெருவிழா.’ வேல்விழி மனுவை மடியில் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். வேம்பு வந்தது, தட்டினாள். அடுக்கு வந்தது, தட்டினாள். பின்வரிசைகள் அவள் கையைப் பார்த்துத் தட்டின. மேடையோரம் நின்ற ஜாஸ்பர் கட்டைவிரலை உயர்த்தினார்.

பிறகு ஐயா குரலைத் தாழ்த்தினார். “கேட்கிறேன். இந்த வட்டாரத்தில் பேருந்து போகாத ஊர் ஒன்றேனும் உண்டா?”

பதில் வேண்டாத வினா. இதற்குத் தட்டினால் மனு ஐயாவின் கைக்குப் போகும். தட்டினால், மனுவில் இருப்பது பொய் என்று அவளே சாட்சி சொன்னதாகவும் ஆகும். வேல்விழி எழுந்து நின்றாள்.

“எங்க ஊருக்குப் போகலய்யா. தையிலயே நிறுத்திட்டாக.”

ஜாஸ்பரின் கட்டைவிரல் உயர்ந்த இடத்திலேயே நின்றது. பொன்னாத்தாள் அவள் சேலையைப் பிடித்து இழுத்தாள். “உக்காருத்தா. பதில் சொல்லக் கூடாத கேள்வின்னு படிச்சுப் படிச்சுச் சொன்னாகல்ல.”

ஐயா கலங்கவில்லை. எத்தனையோ மேடை கண்டவர். அவளை நோக்கி இரு கைகளையும் நீட்டினார்.

“பார்த்தீர்களா? அதிகாரியின் முகத்துக்கு நேரே ஓர் எளிய பெண் பேசுகிறார். இந்தத் துணிவைக் கொடுத்தது யார்? இந்தத் துணிவைக் கொடுத்தது யார்? இந்தத் துணிவைக் கொடுத்தது யார்?”

மூன்று முறை. மண்டபம் இடிந்து விழுவது போலத் தட்டியது. பொன்னாத்தாள் சேலையை விட்டுவிட்டுத் தட்டினாள். அரசு செலவில் தரப்பட்ட பயிற்சி வீண்போகவில்லை: வேல்விழியின் கைகளும் அவளைக் கேட்காமலே தட்டிவிட்டன.

விழா முடிந்து மனுவை நீட்டியபோது ஜாஸ்பர் வாங்கவில்லை. “இனி எதற்கம்மா? நீங்களே தட்டி ஏற்றுக்கொண்டுவிட்டீர்கள். வீடியோவில் இருக்கிறது.”

“வாயால இல்லைன்னு சொன்னேனே சார். அது வீடியோவுல இல்லையா?”

“இருக்கிறது. வாய் சொன்னது உங்கள் கருத்து. கை சொன்னது ஒப்புதல். கோப்பில் ஒப்புதல்தான் போகும்.”

ஐயாவுக்கு அந்தக் கட்டம் மிகவும் பிடித்துப்போயிற்று. அது எல்லா விழாக்களின் நிகழ்ச்சி நிரலிலும் சேர்க்கப்பட்டது. விழா நாளில் வேல்விழியின் வீட்டு வாசலுக்கே அலுவலக ஜீப்பு வருகிறது. ஒரு நாளாவது யாராவது ‘எந்த ஊரம்மா?’ என்று கேட்பார்கள் என்று அவளும் ஏறிப் போகிறாள். வினா வந்ததும் எழுந்து, எங்கள் ஊருக்குப் பேருந்து போகவில்லை என்கிறாள். ஐயா மூன்று முறை கேட்கிறார். படித்தவர், படிக்காதவர், பயிற்சி பெற்றவர், பெறாதவர் என்ற வேறுபாடின்றி நாம் எல்லோரும் தட்டுகிறோம். எந்த ஊர் என்று இதுவரை ஒருவரும் கேட்கவில்லை. ஜீப்பு அடிக்கடி வந்துபோவதைக் கருத்தில் கொண்டு, அவ்வூர் வாகன வசதி பெற்ற ஊர்களுள் ஒன்றாக அறிவிக்கப்பட்டுவிட்டது.

ஆடியில் வேல்விழி மல்லிகைச் செடிகளை வெட்டிப் போட்டுவிட்டு மொச்சை விதைத்தாள். பேருந்து வரவில்லை.