தம்பிதுரையின் இடது காலும் அரைக்குதிரை மோட்டாரும்

தொண்ணூற்றொன்பதாம் வருசம் சோமனூர் தம்பிதுரை ஒரு சபதம் எடுத்தார். தன் இடது கால் நடந்தே தீரும். ஆனால் அதற்காகத் தான் ஒரு சொட்டு வேர்வை சிந்தமாட்டார்.

பக்கவாதம் வந்து எட்டு மாசம் ஆகியிருந்தது. பதினாறு தறிக்கு முதலாளி, கட்டிலுக்கும் நாற்காலிக்கும் நடுவே காலம் தள்ளினார். அவருக்கு ஒரே ஏக்கம்: பஸ் ஸ்டாப் டீக்கடைக்குத் தன் காலால் நடந்து போய், நாலு பேரோடு நின்று ஒரு டீ குடிக்கவேண்டும்.

மெசினே காலைப் பிடித்து நடக்கவைக்கிறதை வெளிநாட்டில் சோதித்துப் பார்க்கிறார்கள் என்று கோயமுத்தூர் டாக்டர் ஒரு படம் காட்டினார். பெண்டாட்டி செல்லாத்தாள் அந்தப் படத்தை வாங்கிக்கொண்டு நேரே சிங்காநல்லூர் போய், லேத் பட்டறை சிக்கந்தர் பாயிடம் நீட்டினாள். பம்புசெட்டையே கண்ணை மூடிக்கொண்டு செய்கிறவருக்கு இது என்ன பிரமாதம்? ஒரே மாசத்தில் மெசின் வந்து இறங்கியது. ஆளைத் தூக்கிப் பிடிக்க மேலே வார், காலடியில் ஓடும் ரப்பர் பட்டை, தொடையைக் கட்டி முன்னும் பின்னும் இழுக்க இரண்டு இரும்புக் கை. அடியில் தகரப் பெட்டிக்குள் அரைக் குதிரைசக்தி மோட்டார். பக்கத்தில் ஒரு லீவர். அதை வாரம் ஒரு படி இறக்கினால் மெசின் இழுப்பது குறையும், மீதியைக் கால்தான் இழுக்கவேண்டும்.

முதல் வாரம் சொர்க்கம். கண்ணை மூடினால் தம்பிதுரை பஸ் ஸ்டாப் வரைக்கும் நடந்துவிடுவார். ஆனால் லீவரை இறக்கி, கால் வராமல் போனால்? அப்புறம் கனவில்கூட நடக்க முடியாதே. அந்தப் பயத்தை வெளியே சொல்ல வெட்கப்பட்டார். பாயைத் தனியாகக் கூப்பிட்டு, லீவர் எந்தப் படியில் நின்றாலும் மெசின் முழுசாக இழுக்கும்படி செய்துவிடச் சொன்னார். வீட்டு அம்மணிக்குத் தெரியவே கூடாது. பாய் தாடியைத் தடவிக்கொண்டு, ஆகட்டுங்க முதலாளி என்றார்.

அப்புறம் பார்க்கவேண்டுமே நாடகத்தை. வெள்ளிக்கு வெள்ளி செல்லாத்தாள் லீவரை இறக்குவாள். இவர் முக்குவார், முனகுவார். செம்புத் தண்ணீரை நெற்றியில் தெளித்துக்கொள்வார். அவளும் பாவமே என்று முந்தானையால் துடைத்துவிடுவாள்.

நாலாவது வாரம் மெசின் சோர்ந்தது. எல்லாம் வோல்டேஜ் கம்மி என்று தம்பிதுரை முடிவு கட்டினார். பக்கத்துக் குடோனில் பதினாறு தறி போடும் சத்தத்தில் மோட்டார் சத்தம் எங்கே கேட்கப்போகிறது? மெசின் நின்றால் பாயை வரவழைத்துப் பிரித்துப் பார்ப்பாள், குட்டு உடைந்துவிடும். அதனால் மானத்தைக் காப்பாற்ற, பல்லைக் கடித்துக்கொண்டு அவரே காலைத் தள்ளினார். நாளுக்கு நாள் வோல்டேஜ் இறங்கியது. இவர் தள்ளுவது ஏறியது. இப்போது வழிந்தது அசல் வேர்வை.

ஒரு செவ்வாய்க்கிழமை கரண்டு போனது. பதினாறு தறியும் ஒரேயடியாக நின்றன. ஊரே காது அடைத்த மாதிரி ஆகிவிட்டது. தம்பிதுரை குனிந்து பார்த்தார். கால் இரண்டும் நடந்துகொண்டிருந்தன.

"ஏனம்மணி, பாய் இதுல பேட்டரி கீட்டரி வெச்சிருக்காரா?"

செல்லாத்தாள் வந்து தகரப் பெட்டியைத் திறந்தாள். உள்ளே ஒன்றுமில்லை.

"மோட்டாரைக் கழட்டித் தறிக்கு நூல் தார் சுத்தற மெசினுல மாட்டிப் பதினோரு நாளாச்சுங்க. அதுக்கு முன்னால தெனம் கொஞ்சங்கொஞ்சமா பெல்ட்டைத் தளத்தியுட்டேன். நீங்க சொன்ன அன்னைக்கே பாய் எங்கிட்டச் சொல்லிப்போட்டாருங்க."

தம்பிதுரைக்கு முதலில் வந்தது கோபம். கத்தத்தான் வாயைத் திறந்தார். பிறகு இடது காலைப் பார்த்தார். மெதுவாக முன்னால் வைத்தார், வந்தது. இன்னொரு தரம் வைத்தார். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. அவளுக்கும் அப்படித்தான்.

அழுது முடித்ததும் முதலாளி மிடுக்கு திரும்பிவிட்டது. "ஒரு மாசத்துல டீக்கடைக்கு நானே நடந்து போறேன். ஒருத்தரும் கூட வரப்படாது. நீயுந்தான்."

"தாராளமாப் போயிட்டு வாங்க. மெசின் ஊட்டுக்கு வந்த அன்னைக்கே கடைக்காரருகிட்டச் சொல்லி வெச்சுப்போட்டேன், எங்க ஊட்டுக்காரரு நடந்து வருவாரு, டீயில சக்கரை மட்டும் போட்டுராதீங்கன்னு."