அட்டையில் இல்லாத பூக்கள்

பூங்காத் துறையில் வேலை பார்ப்பவர்களுக்குப் பூ தெரிந்திருக்க வேண்டும் என்று மேலிடத்தில் முடிவு செய்தார்கள். நியாயமான முடிவுதான். "ஊழியர்கள் அனைவரும் தத்தம் பகுதியில் வளரும் காட்டுப்பூக்களை ஐயம் திரிபற அறிந்திருத்தல் வேண்டும்" என்று சுற்றறிக்கை வந்தது. எப்படி அறிவது என்று அதில் இல்லை. அது எங்கள் கண்காணிப்பாளரின் பொறுப்பு.

அவர் அப்போதுதான் மூன்று நாள் மன அமைதி முகாமுக்குப் போய்விட்டு வந்திருந்தார். ரத்தக் கொதிப்போடு போனவர், கையில் மரமணி மாலை, கழுத்தில் ஒரு துண்டு, பையில் ஒரு கட்டு ஆரூட அட்டை என்று திரும்பி வந்தார். ரத்தக் கொதிப்பும் கூடவே வந்துவிட்டது. கட்டில் நாற்பது அட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒரு காட்டுப்பூவின் படம், அதன் பெயர், கீழே நமக்கு ஒரு செய்தி.

"கண்ணை மூடிக்கிட்டு ஒண்ணு எடுக்கணும். அந்தப் பூ நம்மளக் கூப்பிடுதுன்னு அர்த்தம். உடனே வெளிய போய்த் தேடணும். பாடமும் ஆச்சு, மனசும் சுத்தமாச்சு" என்றார்.

உள்ளதைச் சொன்னால், முதல் வாரம் நன்றாகவே போனது. புல் வெட்டுகிற அண்ணன் நெருஞ்சி எடுத்தார். 'உன் பாதையில் கவனம் வை' என்று செய்தி. அலுவலகத்துக்குப் பின்னால் இருக்கிற திடலில் தேடப் போய், வெறுங்காலால் கண்டுபிடித்தார். இருபது வருஷமாக அதை வெட்டுகிறவருக்கு அன்றைக்குத்தான் அதில் மஞ்சளாக, ஐந்து இதழோடு ஒரு பூ இருப்பது தெரிந்தது. "அடேங்கப்பா, இந்த முள்ளுக்கு இப்படி ஒரு மூஞ்சியா!" என்று காலைப் பிடித்துக்கொண்டே பாராட்டினார்.

நான் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிறவள். தற்காலிகம். நாலு வயதில் ஒரு மகள் உண்டு. வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. அந்தத் திடலில் அவளை விட்டுவிட்டு, கண்ணுக்கு எட்டுகிற தூரத்தில் நான் தண்ணீர் ஊற்றுவேன். திடல் இருந்தால் எனக்கு வேலை உண்டு, இல்லாவிட்டால் இல்லை. எனக்குத் தும்பை அட்டை வந்த அன்று நானும் அவளும் குப்புறப் படுத்துத் தேடினோம். அதோடு விடாமல், அட்டை சொல்லாததையும் எண்ணினோம். பதினாலு வகை.

இரண்டாவது வாரம் எழுத்தர் அக்காவுக்குப் 'பனிமலை நட்சத்திரம்' வந்தது. எங்கள் ஊரில் பனி என்றால் ஐஸ்பெட்டிக்குள் இருப்பதுதான். பாவம், இரண்டு நாள் வெயிலில் தேடினார்.

"இல்ல சார்."

"பூ இல்லாம இருக்காதும்மா. உங்களுக்குப் பக்குவம் இல்ல."

"ரெண்டு நாளா வெயில்ல வெந்தாச்சு. இன்னும் என்ன பக்குவம் சார்?"

பதிவேட்டில் 'பூ: உள்ளது. ஊழியர்: பக்குவமின்மை' என்று அக்காவையே எழுத வைத்தார்.

அந்தச் சமயத்தில்தான் திடலுக்கு சிமெண்ட் போட்டு கார் நிறுத்துமிடம் ஆக்குகிற கோப்பு வந்தது. பன்னிரண்டு வகைக்குக் குறையாமல் காட்டுப்பூ இருந்தால் அந்த நிலத்தைத் தொடக்கூடாது என்று ஒரு விதி. பட்டியல் அனுப்பச் சொல்லியிருந்தார்கள். எனக்கு உயிர் வந்தது. கண்காணிப்பாளர் திடல் பக்கம் திரும்பவே இல்லை. மேசையில் அட்டைகளைப் பரப்பி, கண்ணை மூடி, பன்னிரண்டு எடுத்தார்.

எழுத்தர் அக்கா எழுதிக்கொண்டே வந்தவர் நிமிர்ந்தார். "ஆம்பலா? திடல்ல குளமே இல்லையே சார்."

"குளம் வேற துறை. நம்ம துறை பூ. எழுதுங்க."

அடுத்தது பனிமலை நட்சத்திரம். அக்கா அதையும் எழுதினார்.

நேரில் பார்த்தவர் என்ற இடத்தில் களப்பணியாளர் கையெழுத்து வேண்டும். என்னைக் கூப்பிட்டார்கள். எனக்கு அதிகாரிகள் முன்னால் வாய் வராது. அன்றைக்கு எப்படியோ வந்துவிட்டது.

"சார், நெசமாவே பதினாலு வகை இருக்கு. நானும் பாப்பாவும் எண்ணினோம்."

"அதுக்கெல்லாம் அட்டை இருக்கா?"

"மூணுக்குத்தான் இருக்கு சார்."

"அப்போ மூணுதான் இருக்கு. மூணை வச்சுக்கிட்டுத் திடலைக் காப்பாத்த முடியுமா? நீங்களே சொல்லுங்க."

அக்கா என் காதில், "போட்டுடு தங்கச்சி. எந்தப் பன்னிரண்டா இருந்தா என்ன, உனக்குத் திடல்தானே வேணும்?" என்றார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. போட்டேன்.

மேலிடத்திலிருந்து ஆய்வு அதிகாரி வந்தார். திடலைப் பார்த்தார், பட்டியலைப் பார்த்தார்.

"ஆம்பல் எங்கே?"

நான் மெல்ல எழுத்தர் அக்காவுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன்.

"முறையான பாதுகாப்பு இல்லாததால மறைஞ்சிருக்கு சார்" என்று கண்காணிப்பாளர் அட்டைக்கட்டை நீட்டினார். "நீங்களே ஒண்ணு எடுத்துப் பாருங்க."

அதிகாரி சிரித்துக்கொண்டே எடுத்தார். 'உன் உழைப்பை மேலே இருப்பவர் அறிவார்.' சிரிப்பு நின்றது. "இது எப்படி இதுக்குத் தெரியும்?" என்று கேட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மாற்றலுக்கு ஒன்று, மாமியாருக்கு ஒன்று, முழங்கால் வலிக்கு ஒன்று எடுத்தார். திடலைப் பற்றி அப்புறம் யாரும் பேசவில்லை.

பத்தாம் நாள் ஆணை வந்தது. திடலில் கார் நிறுத்துமிடம் கூடாது! நாங்கள் கை தட்டினோம். எழுத்தர் அக்கா இரண்டாவது பத்தியையும் படித்தார்: "பட்டியலில் கண்ட பன்னிரண்டு வகைகளும் செழித்தோங்க ஏதுவாக, பட்டியலில் இல்லாத தாவரங்கள் யாவும் வேரோடு அகற்றப்படல் வேண்டும்."

எங்கள் பதினாலில் ஒன்றுகூடப் பட்டியலில் இல்லை. புல் வெட்டுகிற அண்ணன் இயந்திரத்தை எடுத்துக்கொண்டு போனார். நெருஞ்சிக்குப் பக்கத்தில் வந்ததும் நின்றார். "மூஞ்சி தெரியாதப்போ வெட்டும்போது ஒண்ணும் தோணல. இப்போ தெரிஞ்சவனை வெட்டுற மாதிரி இருக்கு" என்றார். வெட்டினார்.

ஆம்பலுக்காக சிமெண்டில் ஒரு குளம் கட்டினார்கள். கார் நிறுத்தப் போட இருந்த சிமெண்டைவிடக் கொஞ்சம் அதிகமாகவே ஆனது. பனிமலை நட்சத்திரத்தின் விதை வந்தது. அது முளைக்கிற இடத்தில் காலையும் மாலையும் ஐஸ்கட்டி வைப்பது என் வேலை. இதுவரை முளைக்கவில்லை. எனக்குப் பக்குவம் இல்லை என்று எழுதியிருக்கிறார்கள். சுற்றிலும் கம்பிவேலி, பூட்டு, 'இயற்கையான காட்டுப்பூக்கள் பாதுகாப்பிடம். உள்ளே வராதீர்' என்று பலகை.

என் மகள் வேலிக்கு வெளியே நிற்கிறாள். அந்தப் பக்கம் சாலை.

கண்காணிப்பாளரிடம் போனேன். "சார், பாப்பாவை இனிமே எங்க விடுறது? விட இடம் இல்லன்னா நான் வேலைய விடணும்."

உண்மையாகவே வருத்தப்பட்டார். கோப்பைத் தள்ளி வைத்துவிட்டு, அட்டைகளைக் கலைத்து என் முன்னால் பரப்பினார். "மனசுல நினைச்சுக்கிட்டு ஒண்ணு எடும்மா."

இந்த அட்டை என்ன செய்யும் என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் அந்த அலுவலகத்தில் யாரும் இல்லை. எடுத்தேன். 'பொறுமை' என்று இருந்தது.

அது எனக்குச் சரியாகப் படவில்லை. "சார், சரியா கண்ணை மூடல. இன்னொண்ணு எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டேன்.