மாதிரிக் கப்பலும் கொத்சுக் கணக்கும்

உலகத்து நாடுகளில் பாதி, எங்கள் மாதிரிக் கப்பலிடம் வாதாடித் தோற்றிருக்கின்றன. அத்தனை வாதமும் கடலூர் முதுநகரில், சுங்க அலுவலகத்தின் பின்கட்டில், மதியச் சாப்பாட்டு நேரத்தில் நடந்தவை.

மாதிரிக் கப்பல் என்றால் ஒரு மனிதர். இந்த அறுபதுகள் பிறந்த புதிதில் மெட்ராஸிலிருந்து எங்களுக்குப் பயிற்சி கொடுக்க வந்த அதிகாரி. டெல்லி அப்போது ஒரு நாட்டோடு வர்த்தக ஒப்பந்தம் செய்திருந்தது. நம் நாட்டில் உண்டான சரக்கு என்று சான்று இருந்தால் அங்கே வரி குறைவு. சான்று கொடுக்க வேண்டியவர்கள் நாங்கள். எங்களில் பாதிப் பேருக்கு அந்த நாடு கிழக்கே இருக்கிறதா மேற்கே இருக்கிறதா என்றே தெரியாது.

"கையெழுத்து டெல்லியில ஆயிடுச்சு. நடத்திக் காட்ட வேண்டியது உங்க மேசை. மேசைக்குத் தெரியலன்னா ஒப்பந்தம் வெறும் காயிதம்" என்றார் வந்த அன்றே.

பிறகு பெஞ்சுகளைக் கப்பல் வடிவத்தில் போடச் சொன்னார். பட்டப்பெயர் அந்த நிமிடத்தில் ஒட்டிக்கொண்டது. நான் இந்தியா. பியூன் கோவிந்தசாமி அக்கரை நாட்டுச் சுங்க அதிகாரி. சரக்கு, எங்கள் டிபன் கேரியர்கள். கோவிந்தசாமி ஒவ்வொன்றையும் திறந்து பார்த்து, சான்றில் குற்றம் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்ப வேண்டும். மனிதர் அந்த வேலையில் ஒன்றிப்போனார். என் கருவாட்டுக் குழம்பு மட்டும் திரும்பி வரவில்லை.

"என் சரக்கு எங்க?" என்றேன்.

"பறிமுதல் பண்ணிட்டேன்" என்றார் கோவிந்தசாமி, வாயைத் துடைத்துக்கொண்டு.

"எந்த விதிப்படி?" என்று கேட்டார் மாதிரிக் கப்பல்.

"பசிக்கிற விதி சார்."

எல்லோரும் சிரித்தோம். மாதிரிக் கப்பல் மட்டும் விதிப் புத்தகத்தை எடுத்து, அப்படி ஏதாவது இருக்கிறதா என்று புரட்டிக்கொண்டிருந்தார்.

ஒருநாள் எங்களை ரயிலேற்றிச் சிதம்பரத்துக்கு அழைத்துப் போனார். சாமி கும்பிடவா என்று கேட்டதற்கு, "பாடம்" என்றார். தேரடிப் பக்கத்து ஓட்டலில் இட்லியும் கத்திரிக்காய்க் கொத்சும் வந்தன. சர்வரைக் கூப்பிட்டார்.

"இந்தக் கத்திரிக்கா எந்த ஊரு?"

"ஏன் சார், புழு இருக்கா?"

"இல்லப்பா. ஊரு?"

"வடலூர்ப் பக்கமிருந்து வருது சார்."

"புளி?"

"சாப்டுட்டு எந்திரிங்க சார். பின்னால ஆளு நிக்கிறாங்க."

மாதிரிக் கப்பல் எழுந்திருக்கவில்லை. இட்லியைக் கொத்சில் முக்கியபடியே எங்களுக்குச் சொன்னார்: "காய் வெளியூரு. புளி வெளியூரு. ஆனா சுட்டு மசிச்சது இங்க. வந்தது ஒரு பண்டம், மசிஞ்சப்பறம் வேற பண்டம். அதனால இது சிதம்பரத்துச் சரக்கு. எது வந்தாலும் இந்தக் கொத்சுக் கணக்கப் போடுங்க."

அந்தக் கணக்கு மெய்யாகவே தேவைப்பட்ட நாள் வந்தது. பரங்கிப்பேட்டை வியாபாரி காதர் மாமாவின் லுங்கிதான் புது ஒப்பந்தத்தின் கீழ் எங்கள் துறைமுகத்திலிருந்து போக இருந்த முதல் சரக்கு. அது திரும்பி வந்தால், சான்று கொடுக்கும் வேலை மெட்ராஸுக்குப் போய்விடும். மாமாவை நம்பியிருந்த தறிகள் நின்றுவிடும். கப்பல் கடலில் நின்றது, லுங்கி மூட்டைகள் படகில் காத்திருந்தன. நூலும் சாயமும் வெளிநாடு, நெசவு மட்டும் நம்முடையது. கையெழுத்துப் போட வேண்டியவன் நான். பயப்படுவதில் அந்த ஜில்லாவிலேயே எனக்குப் போட்டி கிடையாது.

"நீங்களே சொல்லிடுங்க சார்" என்றேன்.

"நா எப்படிச் சொல்றது? நா அக்கரை நாடு" என்று நாற்காலியை எனக்கு எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நூலு எங்களது. சாயம் வேறெவனுதோ. இதுல உங்களுது என்னய்யா இருக்கு?"

காதர் மாமா நடுங்கிப்போனார். "மாப்ள, இவரு நம்ம ஆளா, அவுங்க ஆளா? வேணும்னா ஒரு டீ வாங்கிக் குடுத்துப் பாக்கட்டா?"

"சும்மா இருங்க மாமா" என்றேன். பிறகு என் குரல் எனக்கே கேட்டது. நூலை யாரும் இடுப்பில் கட்டிக்கொள்வதில்லை, சாயத்தையும் கட்டிக்கொள்வதில்லை. எங்கள் தறியில் ஏறி இறங்கிய பிறகுதான் அது லுங்கி என்றேன். அவர் மறித்தார், நான் மறுத்தேன். படகுக்காரர்கள் வாசலில் வந்து வேடிக்கை பார்த்தார்கள். கடைசியில் அக்கரை நாடு மூக்குக்கண்ணாடியைக் கழற்றியது.

"பேசறப்ப இல்லாத பயம் இப்ப எங்கேர்ந்து வந்துது? போடுய்யா."

போட்டேன். சரக்கு போனது. திரும்பி வரவில்லை.

அந்த மகிழ்ச்சியில் கோவிந்தசாமி கேட்டார்: "சார், உங்க ஊரு எது?"

"பொறந்தது ரங்கூன். படிச்சது எங்கெங்கயோ. உத்தியோகம் மெட்ராஸ்."

"கொத்சுக் கணக்குப்படி?"

மாதிரிக் கப்பல் வாதாடாமல் இருந்தது அந்த ஒரு தடவைதான். "இன்னும் மசியலப்பா" என்றார்.

பயிற்சி முடிந்து அவர் புறப்பட்டபோது, முதுநகர் ஸ்டேஷனில் கோவிந்தசாமி ஒரு தூக்குவாளி நிறையக் கருவாட்டுக் குழம்பைக் கொடுத்தார். எந்த ஊர் மீன் என்று அவர் கேட்பார் என நின்றோம். கேட்கவில்லை. வாளியை மடியில் வைத்துக்கொண்டு, ரயில் நகரும்வரை எங்கள் பக்கம் திரும்பாமலே உட்கார்ந்திருந்தார். தோள் மட்டும் குலுங்கியது.

போன வாரம், வேலைக்கு வெளிநாடு போகும் என் மகன் யூசுப்பைக் கப்பலேற்ற மெட்ராஸ் துறைமுகம் போயிருந்தேன். அவன் பெட்டியில் சொந்தக்காரர்களுக்காக மடித்து வைத்த லுங்கிகளைப் பார்த்து, வெளிநாட்டுத் துணியோ என்று அவனைத் தனியே நிறுத்திவிட்டார்கள். இத்தனை வருஷம் சுங்கத்தில் இருந்தவன், கம்பித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று ஓதிக்கொண்டிருந்தேன்.

அந்த இளம் அதிகாரி துணியைத் தடவிப் பார்த்தார். "நூலு எங்க? சாயம் எங்க? நெசவு எங்க?" யூசுப் திக்கித் திக்கிச் சொன்னான். அதிகாரி பக்கத்திலிருந்தவரிடம், "கொத்சுக் கணக்குப்படி இது நம்ம சரக்கு. தம்பிய அனுப்புங்க" என்றார்.

யூசுப் "வரேன் வாப்பா" என்று கையசைத்துவிட்டுப் படியேறினான். கண்ணுக்குத் தெரியும்வரை பார்த்துவிட்டு, அந்த அதிகாரியிடம் போனேன்.

"அந்தக் கணக்கு உங்களுக்கு யார் சொன்னது?"

அவர் முகம் மாறியது. "எங்களுக்குப் பயிற்சி குடுத்தவர் சார். பெஞ்சையெல்லாம் கப்பலாட்டம் போடுவார். போன வருஷம் தவறிட்டார். தகவல் சொல்லலாம்னு பாத்தா, எந்த ஊர்க்காரர்னு ஆபீஸ்ல ஒருத்தருக்கும் தெரியல."

"கடலூர்" என்றேன்.