ஓபர்ஸில்லின் மென்பனி

2022 டிசம்பர் 12, திங்கட்கிழமை காலை, ஆஸ்திரியாவின் டிரோல் மலையில் ஓபர்ஸில் பனிச்சறுக்கு மையத்தின் புகார்ப் பெட்டியில் பதினொரு சீட்டுகள் கிடந்தன. ஒன்பது, பனி கல்லாக இருப்பதாகச் சொல்லின. ஒன்று சூப்பைப் பற்றியது. கடைசிச் சீட்டில் ஒரு பல் ஒட்டப்பட்டிருந்தது.

மையத்தின் இயக்குநர் ஹெட்விக் அந்தப் பல்லை மேசைமேல் வைத்துக்கொண்டுதான் ரோமெட்டைக் கூப்பிட்டாள். இருபத்திரண்டு ஆண்டுகளாக அங்கே பனி செய்பவன் அவன்.

"இது பனியா, ஜல்லியா?"

பனி செய்யும் பீரங்கி இயந்திரம் பீய்ச்சும் தண்ணீர் துளித்துளியாக உறைந்தால் உருண்டையாகத்தான் இருக்கும், வானத்துப் பனிபோல இறகு விரிக்காது என்று ரோமெட் விளக்கினான். பல்லுக்கு முன்னால் விளக்கம் எடுபடவில்லை. சறுக்குப் பாதையை மூடிவிட்டு ஹெட்விக் கெடு வைத்தாள். சனிக்கிழமைக்குள் புதுப் பனி. மையத்தில் சம்பளம் வாங்காத ஒருவராவது அதை இயற்கைப் பனி என்று சொல்லவேண்டும். இல்லாவிட்டால் பனி வேலையைக் கீழே பள்ளத்தாக்கில் உள்ள ஒரு கணினி பார்த்துக்கொள்ளும். ரோமெட் வாகன நிறுத்தத்தில் சீட்டுக் கிழிப்பான்.

செவ்வாயன்று அவன் ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து மூன்று துணிக்கூண்டுகளை இரவல் வாங்கி வந்தான். உள்ளே மேகத்தை அடைத்து, மேகத்துக்குள் நடப்பதை அப்படியே நடத்தும் கூண்டுகள். ஆறு கை விரித்த, எடையே இல்லாத பனி கொட்டியது. மதியம் காற்று எழுந்து, மொத்தத்தையும் வாரிக்கொண்டுபோய் விடுதி மாடியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களின் தட்டுகளில் போட்டது. இரண்டு பேர் கூடுதல் சர்க்கரைக்கு நன்றி சொன்னார்கள்.

புதனன்று மலை விளிம்பில் மரவேலி கட்டினான். வேலி காற்றைத் தடுத்தது. பனி வேலிக்குப் பின்னால், பாதைக்கு நேர் மேலே, குவிந்தது. வெள்ளிக்கிழமை அது ஒரு மீட்டர் உயரத்துக்கு, தலையணை உறைபோல வழுவழுவென்று கிடந்தது. பனியைச் சமப்படுத்தும் வண்டியை ஓட்டி அமுக்கிவிடட்டுமா என்று அதன் ஓட்டுநர் கேட்டான்.

"அமுக்குனா மறுபடியும் ஜல்லிதான். பக்கத்துலயே போகாத," என்றான் ரோமெட்.

முப்பது வருடமாக வந்துபோகும் ஹாம்பர்க்காரர் ஒருவரை ஹெட்விக் அழைத்து வந்தாள். அவர் பனியைத் தொட்டார், முகர்ந்தார், கொஞ்சம் வாயில் போட்டுக்கொண்டார். சறுக்கிப் பார்க்காமல் எதுவும் சொல்வதற்கில்லை என்றார். ஆக, எல்லாம் சனிக்கிழமையில் வந்து நின்றது.

ஓபர்ஸில்லில் பனிச்சரிவைக் கண்காணிக்க ஒரு குழு உண்டு. சம்பளம் கிடையாது. தலைவர் ஊர் ரொட்டிக்கடைக்காரர் எர்ஹார்ட், ரோமெட்டின் மனைவிக்கு அண்ணன். இயற்கைப் பனி விழும் மேல்மலையை மட்டுமே குழு சோதிக்கும். பீரங்கிப் பனி போட்ட பாதை ஒருநாளும் சரிந்ததில்லை. அதனால் அங்கே யாரும் மண்வெட்டியோடு போனதில்லை. சனிக்கிழமை காலை எட்டரைக்கு, மேலே வேலையை முடித்துக்கொண்டு இறங்கிய எர்ஹார்ட் வேலியோரமாக வந்தபோது, காலடியில் பனி ஒருமுறை உறுமியது. அவர் நின்ற இடத்திலிருந்து ஒரு விரிசல் இருபது மீட்டர் ஓடியது.

"மச்சான், மெதுவா வா. எனக்குக் கீழ நிக்காத," என்று கீழே நின்ற ரோமெட்டைக் கூப்பிட்டார்.

ரோமெட் ஓரமாக ஏறி வந்தான். எர்ஹார்ட் பனியில் ஒரு சதுரத் தூண் வெட்டி, மேலே மண்வெட்டியை வைத்து உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டினார். மேலடுக்கு, அடியில் கிடந்த பழைய கல்பனியின் மேல் வழுக்கி, முழுசாகக் கழன்று போனது.

"இது நாஞ் செஞ்சது. மிஷின் பனி சரியாது, உனக்கே தெரியும்," என்றான் ரோமெட்.

எர்ஹார்ட் சட்டைக்கையில் ஒட்டியிருந்த மாவைத் தட்டிவிட்டு, கொஞ்சம் பனியை உருப்பெருக்கியில் வைத்து வெகுநேரம் பார்த்தார். கீழே, பாதை திறப்பதற்காக, வரிசையில் அறுபது பேர் நின்றார்கள். முதல் ஆள் ஹாம்பர்க்காரர், பக்கத்தில் ஹெட்விக்.

திங்கட்கிழமை மூடிக்கொள்ளலாம், இன்றைக்கு மட்டும் விட்டுவிடு, என் வேலை போய்விடும் என்று ரோமெட் சொன்னான். எர்ஹார்ட் வாக்கிடாக்கியை எடுத்து, பாதையை மூடச் சொன்னார். ஹெட்விக்கின் குரல் அதில் கத்தியது: பீரங்கிப் பாதையை மூடச்சொல்லக் குழுவுக்கு என்ன அதிகாரம்?

"மிஷின் பனியா இருந்தா நான் தலையிடவே மாட்டேன், அம்மா," என்றார் எர்ஹார்ட். "இது இயற்கைப் பனி. எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரேன்."

ஒன்பது பத்துக்குப் பாதை திறக்காமலே மூடப்பட்டது. ரோமெட் வேலையில் நீடிக்கிறான்.