வடக்கைக் காணவில்லை

“வடக்கு எந்தப் பக்கம்?”

ஏழாம் வகுப்பு மொத்தமும் கையைத் தூக்கி மின்விசிறியைக் காட்டியது.

பூகோள வாத்தியார் அண்ணாந்து பார்த்தார். விசிறி கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது. வடக்கு என்று சொல்லும்படி அங்கே ஒன்றும் தென்படவில்லை.

“சரி, தெற்கு?”

எல்லா விரல்களும் தரையைக் காட்டின.

“யாரு சொன்னா இப்படி?”

“நீங்கதான் சார்,” என்று எழுந்தாள் வகுப்புத் தலைவி. இரட்டைப் பின்னலும் எதற்கும் அசராத முகமும் கொண்ட பெண். “மேப்புல மேல இருக்கறது வடக்கு, கீழ இருக்கறது தெற்குன்னு சொன்னீங்களே.”

சொன்னதென்னவோ வாஸ்தவம்தான். சுவரில் மாட்டியிருந்த வட்டார வரைபடத்தை வாத்தியார் பரிதாபமாகத் திரும்பிப் பார்த்தார். மேலே ஏரி, கீழே மலை, வலப்பக்கம் வயல்கள், இடப்பக்கம் ஆலைகள். ‘நம் வட்டாரம்’ என்ற அந்த ஒரு பாடத்தைத்தான் இந்த வருஷம் பள்ளிக்கூடம் திறந்ததிலிருந்து தொண்டைத் தண்ணீர் வற்ற நடத்திக்கொண்டிருக்கிறார்.

“நம்ம ஆறு தெற்கே மலையில பொறந்து, வடக்கே ஏரிக்கு ஓடுதுன்னு படிச்சோமா இல்லையா?”

“படிச்சோம் சார். ஆனா தண்ணி எப்படி சார் மேல ஏறும்?” என்றான் கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன்.

“மோட்டார் வச்சிருப்பாங்கடா,” என்று அவனுக்குப் பக்கத்திலிருந்தவன் விளக்கம் கொடுத்தான். வகுப்பு முழுவதும் அதை ஏற்றுக்கொண்டு தலையாட்டியது.

வாத்தியார் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். நிமிர்ந்தால் வாசலில் தலைமையாசிரியை. எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ தெரியவில்லை, மோட்டார் வரைக்கும் கேட்டுவிட்டார் என்பது மட்டும் முகத்திலேயே தெரிந்தது.

“சார், கொஞ்சம் வெளியே வாங்க.”

போனார்.

“காலையில பிள்ளைங்களை நிக்க வச்சு நான் அறிவிச்சது ஞாபகம் இருக்குல்ல? வெள்ளிக்கிழமை கல்வி அதிகாரி வர்றார். உங்க கிளாஸைத்தான் பாக்கப்போறார். பிள்ளைங்க ஃபேனைக் காட்டினா நான் முகத்தை எங்கே கொண்டுபோய் வச்சுக்கறது?”

“அதுக்குள்ள சரி பண்ணிடறேன் மேடம்.”

“பண்ணிடுங்க. ரிப்போர்ட் மோசமா வந்தா உங்களை மலைக்கு அந்தப் பக்கம் இருக்கற கிளைப் பள்ளிக்கு மாத்திடுவாங்க. நிர்வாகம் சொல்லிடுச்சு. என் கையில ஒண்ணுமில்ல.”

கிளைப் பள்ளியைப் பற்றிக்கூட வாத்தியாருக்குக் கவலையில்லை. அவர் பார்க்காத பள்ளிக்கூடமா? போன இடமெல்லாம் பூகோளம் என்றால் பிள்ளைகள் தூங்கும் பாடம் என்றுதான் அர்த்தம். இந்த ஏழாம் வகுப்பு ஒன்றுதான் தூங்காத வகுப்பு. மலை எப்படி முளைத்தது என்று சொன்னால் வாயைப் பிளந்துகொண்டு கேட்கும். மணி அடித்தாலும் “இன்னும் கொஞ்சம் சார்” என்று கெஞ்சும். பிள்ளை இல்லாத மனுஷன் அவர். இந்தப் பிள்ளைகளை விட்டுவிட்டு எங்கேயும் போக அவருக்கு மனசு இல்லை.

இவ்வளவு நன்றாகக் கேட்டுவிட்டு ஃபேனைக் காட்டுகிறார்களே, அதுதான் அவரைக் குடைந்தது. அதுவும் ஒருத்தர் பாக்கியில்லாமல் எல்லோருமா ஒரே தப்பைச் செய்வார்கள்? காப்பி அடிப்பதற்காவது ஒருத்தன் சரியாகச் சொல்ல வேண்டாமா?

வீட்டுக்குப் போய் மனைவியிடம் புலம்பினார். அவள் காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள்.

“சுவத்துல மாட்டினா மேலதானே காட்டுவாங்க? தரையில விரிச்சுப் போடுங்க.”

“அட, ஆமா!”

“இத்தனை வருஷமா பூகோளம் நடத்தறீங்க. இதைக் கண்டுபிடிக்க நான் வரவேண்டியிருக்கு.”

மறுநாள் பெஞ்சுகளையெல்லாம் ஓரமாகத் தள்ளி, வரைபடத்தைத் தரையில் விரித்தார். அதன் வடக்கு நிஜ வடக்கைப் பார்க்கும்படி திருப்பி வைத்தார். வடக்குச் சுவர் ஓரமாக ஒரு இரும்பு பீரோ நின்றது.

“இப்போ சொல்லுங்க, வடக்கு எது?”

“பீரோ இருக்கற பக்கம் சார்!”

வாத்தியாருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தோடு நிறுத்தியிருக்கலாம். விதி விடவில்லை.

“பலே! நம்ம ஊருக்கு வடக்கே என்ன இருக்கு?”

“பீரோ சார்.”

“அதுக்கும் வடக்கே?”

“பீரோவுக்குப் பின்னாடி பழைய துடைப்பம் இருக்கு சார்.”

பீரோதான் பிள்ளைகளைக் குழப்புகிறது என்று முடிவு செய்தார். மதிய இடைவேளையில் யாரையும் கூப்பிடாமல், தானே முக்கி முனகி அதை எதிர்ச் சுவருக்கு நகர்த்தினார். நகர்த்தி முடித்தபோது பீரோ நிமிர்ந்து நின்றது, வாத்தியாரால் நிமிர முடியவில்லை.

பிள்ளைகள் சாப்பிட்டுவிட்டு வந்தார்கள். இடுப்பைப் பிடித்துக்கொண்டே கேட்டார்.

“இப்போ வடக்கு எது?”

எல்லோரும் பீரோவைக் காட்டினார்கள்.

“அது தெற்கும்மா! காலையில அந்தச் சுவர்னு சொன்னோமே?”

“நீங்கதான் சார் மாத்திட்டீங்க,” என்றாள் வகுப்புத் தலைவி. “மறுபடியும் மாத்தறதா இருந்தா முன்னாடியே சொல்லிடுங்க சார். எழுதி வச்சுக்கறோம்.”

நாலு சுவருக்குள் இருக்கும்வரை இது உருப்படாது என்று வாத்தியாருக்குத் தோன்றியது. அடுத்த நாள் காலை முதல் பீரியடிலேயே வகுப்பை மைதானத்துக்கு ஓட்டிப்போனார். சூரியனைப் பார்த்து நிற்கவைத்தார். முன்னால் கிழக்கு, முதுகுப் பக்கம் மேற்கு, இடது கைப் பக்கம் வடக்கு என்று பாட்டுப் போலச் சொல்லிக் கொடுத்தார். பிள்ளைகள் அட்சரம் பிசகாமல் ஒப்பித்தார்கள். அவர் மனம் நிறைந்தது.

சாயங்காலம் சோதித்துப் பார்ப்போம் என்று மறுபடி மைதானத்துக்கு அழைத்துவந்தார். சோதிக்காமலே இருந்திருக்கலாம். மொத்த வகுப்பும் மேற்கே சாய்ந்த சூரியனுக்கு முன்னால் போய் நின்று, “இது கிழக்கு!” என்றது.

“ஐயோ! அது மேற்கு! காலையிலதான் சூரியன் கிழக்கே இருக்கும்.”

“அப்போ மத்தியானம், சார்?”

“மத்தியானம் தலைக்கு மேல இருக்கும்.”

“ஃபேன் இருக்கற இடத்துல,” என்றான் கடைசி பெஞ்சுக்காரன், எல்லாம் புரிந்துவிட்ட முகத்தோடு.

அன்று இரவு வாத்தியாருக்குச் சோறு இறங்கவில்லை. “நான் லாயக்கில்லாதவன்,” என்றார் மனைவியிடம். அவள் மறுத்துச் சொல்வாள் என்று எதிர்பார்த்தார். அவள் இடுப்புக்குத் தைலம் தேய்ப்பதிலேயே கவனமாக இருந்தாள்.

வெள்ளிக்கிழமை விடிந்தது. முழுகியாயிற்று, இனி சாண் என்ன முழம் என்ன என்கிற நிலைக்கு வாத்தியார் வந்திருந்தார். கடைசி முயற்சியாக மைதானத்தில் பிள்ளைகளையே வட்டாரமாக நிறுத்திவிட்டார். குண்டுப் பையன் ஒருவன் மலை. கைகோத்த பெண்கள் வரிசை ஆறு. வட்டமாக உட்கார்ந்தவர்கள் ஏரி. குனிந்து நிமிர்ந்தவர்கள் வயல். கையை உயர்த்தி உஸ் உஸ்ஸென்று புகை விட்டவர்கள் ஆலை. அவரவரை அவரவர் திசையில் அவரே தோளைப் பிடித்து நிறுத்தினார். தானே ஒரு திசையாக நிற்பவன் எப்படி அதை மறப்பான்?

அதிகாரி வந்தார். ஒல்லியான மனிதர், சிரித்துப் பழக்கமில்லாத முகம். தலைமையாசிரியை பின்னாலேயே வந்து, கண்ணாலேயே வாத்தியாரை மிரட்டினார்.

“இது என்ன?” என்றார் அதிகாரி.

“நம் வட்டாரம், சார். உயிருள்ள வரைபடம்.”

“அப்படியா? மலை எங்கே?”

வாத்தியார் தெற்கே திரும்பினார். மலையைக் காணோம்.

“தண்ணி குடிக்கப் போயிருக்கு சார்,” என்றது ஆறு.

மலை இல்லாத இடத்தில் தனக்கு வேலையில்லை என்று நினைத்ததோ என்னவோ, ஆறும் சரசரவென்று மேற்கே ஓடி ஆலைக்குள் புகுந்தது. ஆலை சிரிப்பை அடக்கமுடியாமல் புகை விடுவதை நிறுத்தியது. வயல் பாதி விளைந்த நிலையில் உட்கார்ந்துவிட்டது. அதிகாரி ஒரு அடி பின்வாங்கி, நேராக ஏரியின் நடுவில் போய் நின்றார்.

“சரி போகட்டும்,” என்றார் அங்கே நின்றபடியே. “ஒரே ஒரு கேள்வி. எல்லாரும் வடக்கைக் காட்டுங்க.”

வாத்தியார் கண்ணை மூடிக்கொண்டார். ஒருத்தனாவது, தவறியாவது, கொட்டாவி விடக் கையைத் தூக்கும்போதாவது வடக்கைக் காட்டிவிடு என்று மனசுக்குள் மன்றாடினார்.

கண்ணைத் திறந்தார். ஆளுக்கு ஒரு பக்கம் காட்டிக்கொண்டிருந்தார்கள். வானம், பூமி, மெயின் கேட்டு, கக்கூஸ், தலைமையாசிரியை. எல்லாத் திசையிலும் விரல் இருந்தது. வடக்கில் மட்டும் இல்லை.

அதிகாரி தலையை ஆட்டிக்கொண்டே ஏரியிலிருந்து கரையேறிப் போனார்.

மாலையில் தலைமையாசிரியை கூப்பிட்டனுப்பினார். குரலில் கோபம்கூட இல்லை. “திங்கட்கிழமை கிளைப் பள்ளியில சேந்துடுங்க சார். நானும் சொல்லிப்பாத்தேன்.”

வாத்தியார் வகுப்புக்கு வந்து வரைபடத்தைச் சுருட்டினார். வீட்டுக்குப் போகாமல் பிள்ளைகள் அவரைச் சுற்றி நின்றார்கள். எல்லா முகத்திலும் ஏதோ சாதித்துவிட்ட பூரிப்பு.

“வர்றேன்பா. திங்கட்கிழமையிலேருந்து மலைக்கு அந்தப் பக்கம் எனக்கு வேலை. நல்லா படிங்க.”

பூரிப்பு சட்டென்று வடிந்தது. ஏரியாக உட்கார்ந்திருந்த சிறு பெண் ஒருத்தி தேம்ப ஆரம்பித்தாள். வாத்தியார் மேலும் நின்றால் தானும் அழுதுவிடுவோம் என்று பயந்து, பையை எடுத்துக்கொண்டு மெயின் கேட் பக்கத்து வாசலை நோக்கி நடந்தார்.

“அந்தப் பக்கம் வேணாம் சார்,” என்றாள் வகுப்புத் தலைவி, கண்ணைத் துடைத்துக்கொண்டே. “இடுப்பு வலியோட சுத்திப் போகாதீங்க. வடக்கு கேட் வழியா போனா பஸ் ஸ்டாப்பு பக்கம்.”

வாத்தியார் நின்றார். மெதுவாகத் திரும்பினார்.

“எது வழியா?”

வகுப்பு மொத்தமும் கையை நீட்டியது. அத்தனை விரலும், கோடு போட்டு நிறுத்தியதுபோல, நேர் வடக்கைக் காட்டின.

வரைபடம் அவர் கையிலிருந்து நழுவித் தரையில் உருண்டது. “அடப் பாவிங்களா! தெரிஞ்சு வச்சுக்கிட்டா இத்தனை நாளா என்னை இந்தப் பாடு படுத்தினீங்க?”

வகுப்புத் தலைவி விசும்பினாள்.

“போன வருஷம் எல்லாத்துக்கும் கரெக்டா பதில் சொன்னோம் சார், இவ்வளவு நல்லா நடத்தறவங்க பெரிய ஸ்கூல்லதான் இருக்கணும்னு சொல்லி எங்க டீச்சரை அந்த ஆபீசர் கூட்டிட்டுப் போயிட்டார்... அதான் உங்களையாவது விட்டுட்டுப் போகட்டும்னு எல்லாரும் சேந்து தப்புத் தப்பா சொன்னோம்!”