எல்லோருக்கும் எட்டாம் நம்பர் ஷூ

ஒழுங்கின் மீது அளவுக்கு மீறிய பிரியம் உள்ளவனிடம் செருப்பு வாங்கும் பொறுப்பைக் கொடுக்கக் கூடாது. எனக்குக் கொடுத்தார்கள்.

கரியாலூருக்குப் பக்கத்தில், மலைமேல் இருந்த ஒரு சிறிய விடுதிக்கு அப்போது நான் மேலாளர். மலைக்காரர் பாதி, கீழேயிருந்து வந்தவர்கள் பாதி என்று வேலைக்கு எடுத்திருந்தேன். முதலாளிக்குப் பிடிக்கவில்லை.

“ரெண்டு கூட்டமும் ஒட்டாதுய்யா. கள்ளக்குறிச்சிலேர்ந்தே எல்லாரையும் கூட்டியாந்துடலாம்.”

நேரில் பார்த்து முடிவெடுப்பதாகச் சொன்னார். மலைக்காரர்களின் வேலை ஊசலாடியது.

எனக்கு ஒரு யோசனை வந்தது (விபத்துகள் இப்படித்தான் ஆரம்பிக்கின்றன). வித்தியாசமே இல்லை என்று காட்டிவிட்டால்? எல்லோருக்கும் ஒரே நீலச் சட்டை, ஒரே கறுப்பு ஷூ. அளவும் ஒன்றே: எட்டு. என் அளவு. வேறுவேறு அளவில் வாங்கினால் அலமாரியில் வரிசை கோணலாகத் தெரியுமே!

சமையல் செய்யும் செல்வி கீழே களமருதூர்க்காரர். போட்டுப் பார்த்துவிட்டு, “இன்னா சார் இது, ஒரு ஷூவுலயே ரெண்டு காலும் போவுது?” என்றார்.

அருவிக்கு வழிகாட்டும் அண்ணாமலை மலைக்காரர். பாசி படிந்த பாறையில் வெறுங்காலோடு ஓடுகிறவர்.

“கயட்டிடட்டுமா சார்?”

“கூடாது. எல்லாரும் சமம்.”

பார்வையிட வந்த முதலாளியிடம், “ரெண்டு கூட்டத்துக்கும் வித்தியாசமே இல்லீங்க” என்று சொல்லி அருவிக்குக் கூட்டிப் போனேன். அங்கே அவர் அண்ணாமலையின் கையைப் பிடித்துக்கொண்டார். நான் முதலாளியின் கையைப் பிடித்துக்கொண்டேன். அண்ணாமலை வாழ்நாளில் முதன்முறையாக வழுக்கினார். மூவரும் வரிசை தவறாமல் (அதிலும் ஒழுங்கு) தண்ணீரில் உட்கார்ந்தோம்.

அண்ணாமலை ஷூவை உதறிவிட்டு எங்களை மேலே இழுத்துப் போட்டார். விடுதியில் செல்வி சுடச்சுட ரசம் கொடுத்தார். முதலாளி என்னைப் பார்த்தார்.

“வித்தியாசமே இல்லன்னியே. அப்ப ரெண்டு ஊரு ஆளு எதுக்கு? ஒரே ஊர்ல எடுத்துட்டுப் போவலாமே!”

நனைந்த பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது.

“வித்தியாசம் இருக்குதுங்க. அதனாலதான் ரெண்டு பேரும் வேணும். இவருக்குப் பாறை தெரியும். இவங்களுக்கு ஒரு பஸ் கூட்டத்துக்கே வடிச்சுக் கொட்டத் தெரியும்.”

“உனக்கு இன்னா தெரியும்?”

“ஷூ வாங்கத் தெரியுங்க” என்றார் செல்வி.

முதலாளிக்குச் சிரிப்பில் ரசம் புரையேறியது. யாருடைய வேலையும் போகவில்லை. பிற்பாடு செல்வியும் பாறையில் நடக்கப் பழகினார், ஷூ இல்லாமல், சொந்தக் காலில்.

ஷூக்கள் எல்லாவற்றையும் முதலாளி எனக்கே பரிசளித்துவிட்டார். இன்றும் தீபாவளித் துணி எடுக்கப் போனால் மகள் என்னைக் கடை வாசலிலேயே நிறுத்துகிறாள்.

“அப்பா, நீ இங்கயே நில்லு. எங்களுக்கு எட்டாம் நம்பர் வேணாம்.”

நிற்கிறேன். காலில் அந்தக் கறுப்பு ஷூதான். இன்னும் தீரவில்லை.